சந்தனப் பொட்டு வைத்த பிளாப்பி

மக்களே, சுபா, கண்ணா,

நேற்றுச் சாயங்காலம் பூஜையில் வைத்திருந்த சுபாவின் லேப்டாப்பை நான் எடுத்துக்கொண்டு போய் வேட்டியால் துடைத்தது உங்கள் இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை என்று தெரியும். அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. காப்பியை மேசையில் வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் சொல்லிவிடுகிறாள். "அப்பாவுக்கு சாமி நம்பிக்கை போயாச்சு" என்று கண்ணன் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. நம்பிக்கை எங்கேயும் போகவில்லை மக்களே, இருந்த இடத்தில்தான் இருக்கிறது. லேப்டாப்பின் மூடியில் அந்த ஈரச் சந்தனத்தைப் பார்த்ததும் எனக்குக் குமட்டிவிட்டது. அவ்வளவுதான் சங்கதி.

பூஜை வைத்த நாளில் எழுதக்கூடாது என்பார்கள். எழுதுகிறேன் பாருங்கள். உங்களுக்குத் தமிழ் வாசிக்க மெதுவாகத்தான் வரும். பரவாயில்லை, மெதுவாகவே வாசியுங்கள்.

போன வாரம் சுபா கூடத்தில் உட்கார்ந்து ஏதோ ஒரு புது கம்ப்யூட்டர் மொழியை லேப்டாப்பில் இறக்கிக்கொண்டிருந்தாள். கழக்கூட்டம் பக்கத்தில் இருக்கிற அவள் ஆபீசில் அது வேண்டுமாம். எது நல்லது என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். யார் யாரோ நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்து எடுப்போம் என்றாள். பத்து நிமிஷம் ஆனதும் "ச்சே, எவ்வளவு நேரம்!" என்று சலித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது, ரப்பர் ஷீட்டின் நாற்றம். நாற்பது வருஷம் ஆகப்போகிறது, இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை.

நான் நாற்றத்துக்குப் பயந்தவன் இல்லை. ஆரியசாலையில் மொத்தக் கடைகளுக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவன். ஒரு பக்கம் கருவாடு, ஒரு பக்கம் பெருங்காயம், நடுவில் மழையில் நனைந்து கசிகிற வெல்ல மூட்டை, அதன்மேல் ஊர்கிற எறும்பு. இதற்கு நடுவே பாய் விரித்துத் தூங்கி எழுந்த மூக்கு இது. அந்த மூக்கே ஓங்கரித்தது என்றால் தம்பானூரில் நான் வேலை பார்த்த இடம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் நடந்த கதை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஏறுகிற சந்தில் ஒரு லாட்ஜின் மாடிதான் எங்கள் கம்பெனி. கீழே லாட்ஜின் அடுக்களை. நேற்றைய சாம்பாரும் இன்றைய எண்ணெய்ப் புகையும் சேர்ந்து மாடிப்படி ஏறி எங்களுக்கு முன்னாலேயே ஆபீசுக்கு வந்துவிடும். நான் எஸ்.எஸ்.எல்.சி., டைப்பிங் லோயர். கம்ப்யூட்டர் ஆபரேட்டர் என்று பெயர். காலையில் மெஷினைப் போடுவது, சொன்னதை டைப் அடிப்பது, பிரிண்டரில் பேப்பர் மாட்டுவது, சாயங்காலம் மெஷினுக்குத் துணி போர்த்துவது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் இதையே "கம்ப்யூட்டர் இஞ்சினீயர்" என்று உங்கள் சித்தப்பா சொல்லிவிட்டான். உங்கள் அம்மா அதை இன்றுவரைக்கும் மறக்கவில்லை.

ஆபீசில் ஏசி இருந்தது ஒரே அறையில், அதுவும் மெஷினுக்காக. எங்களுக்கு மின்விசிறி. அறை ஜில்லென்று இருந்ததால் மேனேஜர் மாதவன் சார் மழையில் நனைந்த சட்டையை அங்கேதான் காயப்போடுவார். அவர் வீட்டுக்கு வாங்கிய வாழைக்குலையும் அங்கேதான் தொங்கும். அது போதாதென்று ஒரு நாள் ரப்பர் ஷீட்டும் வந்தது.

ரப்பர் பாலை உறைய வைத்துப் பாய் மாதிரி உருட்டி எடுப்பார்கள். அதைப் புகைக்கூண்டில் தொங்கவிட்டு விறகு எரித்துக் காய வைக்க வேண்டும். சூடு கூடினால் ஷீட் உருகி வீணாகும், குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். மலைப் பக்கத்து எஸ்டேட்காரர் ஒருவருக்கு அந்தச் சூட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு சின்ன கம்ப்யூட்டர் கார்டு செய்து கொடுப்பதாக எங்கள் கம்பெனி ஏற்றுக்கொண்டது. அவர் மாதிரிக்கு என்று புகை போடாத நாலு ஷீட்டைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். மாதவன் சார் அதையும் ஏசி அறையில் வைத்தார். குழந்தை கக்கிய பாலைத் துடைத்த துணியைச் சுருட்டி வைத்து ஒரு வாரம் கழித்துப் பிரித்தால் எப்படி இருக்கும்? அதுதான் அந்த நாற்றம். அந்த அறைக்குள் உட்கார்ந்துதான் விசாலம் வேலை செய்தாள்.

விசாலம் வலியசாலை அக்ரஹாரத்துப் பெண். இஞ்சினீயரிங் முடித்துவிட்டு எங்களிடம் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தாள். என்னை அண்ணா என்பாள். சாயங்காலம் இரண்டு பேருக்கும் ஒரே வழிதான், ஆனாலும் நான் முன்னால் நடப்பேன், அவள் கொஞ்சம் பின்னால் வருவாள். ஊர் வாய் அப்படி. நடந்தபடியே என் முதுகைப் பார்த்துப் பேசுவாள், நான் ரோட்டைப் பார்த்துப் பதில் சொல்வேன். அப்படித்தான் ஒரு நாள் சொன்னாள். இந்தப் புகைக்கூண்டு வேலை முடிந்தால் அவளை நிரந்தரமாக்குவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். முடியாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் அவள் அப்பா நாக்பூரில் பார்த்து வைத்திருக்கிற வரனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். "அவர் நல்லவராத்தான் இருப்பார் அண்ணா. ஆனா நேக்கு இந்த வேலை வேணும்" என்றாள்.

அந்தக் கார்டில் இடம் ரொம்பக் கொஞ்சம். அதற்குள் அடங்குகிற மொழி ஃபோர்த் ஒன்றுதான் என்று அவள் சொன்னாள். சுபா, நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். அன்றைக்கும் ஊரில் யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. அதில் ஒரு விசேஷம், நாமே புதுச் சொல் உண்டாக்கிக்கொள்ளலாம். இருக்கிற சொற்களைக் கோத்து ஒரு சொல், அந்தச் சொல்லை வைத்து இன்னொரு சொல். எந்தப் பெயர் வைத்தாலும் அது கேட்டுக்கொள்ளும். விசாலம் நோட்டில் ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொல்லாகவே எழுதி வைத்திருந்தாள். பத்தவை, இரு, போதும், அணை. மாதவன் சார் எட்டிப் பார்த்துவிட்டு, "மெஷின் தமிழ் படிக்கும், மலையாளம் படிக்காதோ?" என்றார். "நீங்க சொல்லிக் கொடுத்தா படிக்கும் சார்" என்றாள். நான் பேப்பர் எடுக்கிற சாக்கில் வெளியே போய்ச் சிரித்தேன்.

ஆனால் அந்த மொழி மெஷினில் இருந்தால்தானே? வாங்க வேண்டும். அப்போது ஆரம்பித்தது கூத்து.

வெளிநாட்டுக் கேட்டலாக் ஒன்றில் இரண்டு இருந்தன. ஒன்று எங்கள் மெஷினுக்கென்றே செய்தது. சின்ன உறை, மெல்லிய புத்தகம். இன்னொன்று வேறு வகை மெஷினுக்கு. பெரிய வர்ணப் பெட்டி, தலையணை மாதிரி மூன்று புத்தகம். விசாலம் சின்னதைக் காட்டினாள். மாதவன் சார் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இத்தனை மெலிஞ்சதை வாங்கினா முதலாளி என்னைக் கேட்கமாட்டாரோ, இதுக்கா பாரின்ல ஆர்டர் போட்டேன்னு?" என்றார். பெட்டியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார் மக்களே! மெஷினைப் பார்த்து இல்லை. புடவைக் கடையில்கூட உங்கள் அம்மா துணியைத் தொட்டுப் பார்த்துத்தான் வாங்குவாள்.

மாசக்கணக்கில் காத்திருந்து பெரிய பெட்டி வந்தது. பிரித்தால் உள்ளே மொழியைப் பதிந்து வைத்திருந்த பிளாப்பி சாப்பாட்டுத் தட்டு அகலம். எங்கள் மெஷினில் அதற்கான வாய் அதில் பாதிதான். மாதவன் சார் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் மடக்கினா உள்ளே கேறுமோ?" என்று கேட்டார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே கேட்டார். விசாலம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு அவர் துபாயில் இருந்த மச்சினனுக்குச் சொல்லி, சின்னது வந்தது. மச்சினனின் பெட்டிக்குள் சோப்பு, சென்ட், பால் பவுடர் டின், லுங்கி. அந்த லுங்கிக்குள் சுருட்டி இரண்டு பிளாப்பி. ஒன்றில் மொழி, இன்னொன்றில் அதை எழுதுவதற்கான எடிட்டர். சென்ட் வாடை அடித்தாலும் சரியான சாமான். விசாலத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் வந்து சேர்ந்த நாள்தான் சரியில்லை. அது அஷ்டமி, பூஜை வைக்கிற சாயங்காலம். விஜயதசமிக்கு எஸ்டேட்காரர் பார்க்க வருவதாக முன்பே நாள் குறித்திருந்தார்கள்.

இந்த ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அஷ்டமியில் புத்தகமும் ஆயுதமும் சரஸ்வதி முன்னால் வைத்தால் தசமி காலையில்தான் எடுக்க வேண்டும். நடுவில் தொடக்கூடாது. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. என் ஜியாமெட்ரி பாக்ஸை வைத்துவிட்டு நிம்மதியாக விளையாடின பையன்தான் நானும். ஆனால் பிளாப்பி என்று வந்துவிட்டால் முதல் வேலை அதைக் காப்பி எடுப்பதுதான். அசலை மூடி வைத்துவிட்டுக் காப்பியில்தான் வேலை செய்ய வேண்டும். அது அந்த நாளில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

"சார், ஒரு காப்பி எடுத்துண்டு பூஜைக்கு வெச்சுடலாமே. கொஞ்ச நேர வேலை."

"நேரம் ஆச்சு மோளே. விளக்கு கொளுத்தியாச்சு."

"அப்போ காப்பியைப் பூஜைல வையுங்கோ சார். அசல் எங்கிட்ட இருக்கட்டும்."

மாதவன் சார் அவளை மேலும் கீழும் பார்த்தார். "சரஸ்வதிக்கு டூப்ளிகேட்டோ?" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் பெரிய பக்திமான் ஆகிவிட்டார். விசாலம் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

பூஜையை எங்கே வைத்தார்கள் என்கிறீர்கள்? ஏசி அறையில், மெஷினுக்குப் பக்கத்தில். ஏசிக் காற்றில் விளக்கு அணையும் என்று ஏசியை நிறுத்தினார்கள். ஜன்னல் திறக்காத அறை, ஐப்பசி மழை, ரப்பர் ஷீட், வாழைக்குலை, எண்ணெய் விளக்கு, அவல், பொரி, வெல்லம். என்னைத் தாமரைப்பூ வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்கு அனுப்பினார்கள். நான் திரும்பி வரும்போது பிளாப்பிகளுக்குப் பொட்டு வைத்து முடித்துவிட்டார் மாதவன் சார். உறையிலிருந்து வெளியே எடுத்து வைத்திருந்தார். அந்தத் தட்டில் நீளவாக்கில் கண் மாதிரி ஒரு திறப்பு உண்டு. அதன் வழியாகத்தான் மெஷின் வாசிக்கும். அங்கே விரல்கூடப் படக்கூடாது. பொட்டு வைக்க அதைவிட வாகான நெற்றி அவருக்குத் தென்படவில்லை. குழைத்த சந்தனம், நடுவில் குங்குமம். தொடக்கூடாது என்றால் தொடக்கூடாது, வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

தசமி காலையில் கதவைத் திறந்தபோது உள்ளிருந்து ஒரு வெக்கை வந்து முகத்தில் அப்பியது. பழம் அழுகி வடிந்திருந்தது. திரி கருகின புகை, அதன்மேல் சென்ட், அதன்மேல் ரப்பர். வெல்லத்திலிருந்து பிளாப்பி வரைக்கும் எறும்பு ஒரு கோடு போட்டிருந்தது. பக்கத்தில் ஈரமாகிக் கிடந்த அவல் பிளாப்பியின் ஓரத்தில் ஒட்டியிருந்தது. எனக்கு வாயில் உமிழ்நீர் ஊறி வெளியே ஓடினேன். விசாலம் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

"சார், போடாதீங்கோ. ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சுத் தரேன். அரை மணி நேரம் கொடுங்கோ."

"ஸ்பிரிட்டோ? தேவி பிரசாதத்தைச் சாராயம் தொட்டுத் துடைக்கணுமா?"

வித்யாரம்பம் தன் கையால் என்று அவரே மொழித் தட்டை எடுத்து இரண்டாவது டிரைவில் போட்டார். மெஷின் முதலில் முனகியது. பிறகு தேங்காய்ச் சிரட்டையைச் சுவரில் தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம். பிறகு வெல்லம் அடிப்பிடித்த வாடை. வெளியே எடுத்தால் கறுப்புத் தட்டில் வட்டமாகக் கீறல். "அது டூப்ளிகேட் சாமான். மச்சினனை எவனோ ஏமாத்தியிருக்கான்" என்று சொல்லிவிட்டு, நாங்கள் வாயைத் திறப்பதற்குள் எடிட்டர் தட்டையும் அதே டிரைவில் நுழைத்தார். அழுக்கு ஏறின டிரைவ் அதையும் சுரண்டித் தள்ளியது. இரண்டும் போச்சு.

அப்புறமும் அவர் நிறுத்தவில்லை. அதே தட்டை முதல் டிரைவில் போடக் குனிந்தார். அதில்தான் மெஷினை எழுப்புகிற சிஸ்டம் பிளாப்பி இருக்கும். அது போனால் ஆபீசே போச்சு. விசாலம் சட்டென்று டிரைவின் வாயைக் கையால் மூடினாள். "இதையாவது விட்டுடுங்கோ சார்." அவர் கை அவள் கையில் இடித்தது. எஸ்டேட்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அவரை உட்கார வைத்து மாதவன் சார் பேசினதை அப்படியே எழுதுகிறேன். எழுதும்போதே வாய் கசக்கிறது. "எல்லாம் ரெடிதான் முதலாளி. பூஜை வச்ச சாதனம். இந்தப் பொண்ணு வந்து கை வச்சுது. தொடக்கூடாத நாளா இருக்கும். பெண்குட்டிகள் இதெல்லாம் வெளியில சொல்லாதுங்க. அதான் இப்படி ஆச்சு."

விசாலம் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். எஸ்டேட்காரர் அவளை ஒரு பார்வை பார்த்தார். உட்கார்ந்திருந்த நாற்காலியோடு கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டார். நாறுகிற ரப்பர் ஷீட்டை மடியில் வைத்துக் கொண்டுவந்து எங்களிடம் போட்ட மனுஷன், அவளைப் பார்த்து நகர்ந்தார்!

நான் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு டிரைவைத் துடைத்து எடுத்து வந்து மேசையில் வைத்தேன். மஞ்சளும் பழுப்புமாக இருந்தது. "சார், இது சந்தனம். இது வெல்லம். ஆரியசாலைக்காரனுக்கு வெல்லம் தெரியாதா?" என்றேன்.

"டைப்பிங் லோயர் பாஸானவன் எனக்குப் படிப்பிக்க வேண்டா. போய் சாயா சொல்லு."

விசாலம் அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. அவள் சாப்பாட்டு டப்பாவையும் குடையையும் எடுத்தாள். "சார், பிளாப்பிக்குத் தீட்டு தெரியாது. சந்தனம் தெரியும்" என்றாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள். படி இறங்கிப் போய்விட்டாள். எஸ்டேட்காரர் சாயா குடித்துவிட்டு, "விறகு தள்ற கிழவனே எனக்குப் போதும்" என்று ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த வாரமே அவளை நிறுத்தினார்கள். தை மாதம் கல்யாணம். வலியசாலையில் பந்தல் போட்டிருந்ததைச் சாயங்காலம் நடந்து வரும்போது பார்த்தேன். நாக்பூரில் அவள் வேலைக்குப் போனாளா, ஃபோர்த்தில் பிறகு ஒரு சொல்லாவது எழுதினாளா, எனக்குத் தெரியாது. அவள் வீட்டாரும் தெருவை விட்டுப் போய்விட்டார்கள்.

எல்லாம் போயாச்சு மக்களே. அந்த லாட்ஜை இடித்து செல்போன் கடை வந்துவிட்டது. பிளாப்பியைக் காட்டினால் கண்ணன் அது கோஸ்டரா என்று கேட்கிறான். மெஷினை இரும்புக் கடைக்காரன் எடை போட்டு எடுத்துப் போனான். மாதவன் சார் போய்ச் சேர்ந்தபோது நானும் போயிருந்தேன். நெற்றியில் சந்தனம் அப்பி வைத்திருந்தார்கள். மாலையை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றுகொண்டேன். இறந்தவரைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள், எனக்கு அந்த வாடை ஆகவில்லை. ரப்பர் நாற்றம்கூட ஒரு நாள் மூக்கை விட்டுப் போய்விடும். அந்த நாற்காலி நகர்ந்த சத்தம் போகாது. சுபா, சந்தனத்தை உன் பையில் வை, நெற்றியில் வை, கைகூப்பிக் கும்பிடு, நானும் கூட நிற்கிறேன். மெஷினில் வேண்டாம் மகளே.

அந்தத் தசமி சாயங்காலம் எல்லாரும் கிளம்பின பிறகு மெஷினுக்குத் துணி போர்த்த நான் அறைக்குள் போனேன். காலையில் மறுபடி ஏற்றின பூஜை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அது தானாக அமரும் வரைக்கும் யாரும் ஏசியைப் போடக்கூடாது என்று மாதவன் சார் சொல்லிவிட்டுப் போயிருந்தார். துணியை மடியில் வைத்துக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். விசாலம் வைத்த சொல்லை ஆங்கில எழுத்தில் டைப் அடித்தேன். பத்தவை. அந்த மொழி உள்ளே இல்லையே, மெஷினுக்கு எப்படித் தெரியும்? அதே சொல்லைத் திருப்பிப் போட்டுப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைத்தது. போதும் என்று அடித்தேன். அதற்கும் கேள்விக்குறி. கடைசியாக, அணை. அதற்கும் அதே.

எழுந்துபோய்க் குனிந்து, விளக்கை வாயால் ஊதி அணைத்தேன். அப்படிச் செய்யக்கூடாது என்று எனக்கும் தெரியும். பிறகு ஏசியைப் போட்டேன்.